கை எட்டாத இடத்துப் பழுது: பழைய மோட்டார் படகு வாங்கியவருக்கு

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பழைய மோட்டார் படகு ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். 22 அடி நீளம், உள்ளே பெட்ரோல் வி8 இன்ஜின், பின்னால் ஸ்டெர்ன் டிரைவ், அதாவது பின்சுவருக்கு வெளியே தொங்கி புரொப்பெல்லரைச் சுற்றும் பகுதி. பில்ஜ் என்கிற படகின் அடிக்குழியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் ஓடவில்லை. ஸ்டார்ட்டர் சில நேரம் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது. எங்கிருந்தோ தண்ணீரும் உள்ளே வருகிறது. மூன்றுமே இன்ஜினுக்கு அடியில் அல்லது பின்னால் இருக்கின்றன, அங்கே கை போகவில்லை. தரையை வெட்டுவதா, இன்ஜினைத் தூக்குவதா, அல்லது இருக்கிற இடுக்கிலேயே படுத்துக்கொண்டு கழற்றிப் பார்ப்பதா என்பது உங்கள் கேள்வி.

மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. கை எட்டாத பாகத்தைச் சரிசெய்வதில் பாதிக்கு மேல், அந்தப் பாகம் வரை போக வழி உண்டாக்குகிற வேலைதான். அதைத் தனி வேலையாக மதித்து அதற்கென நேரம் ஒதுக்குங்கள். ஒதுக்காமல் நேரே ஸ்பானரை எடுத்தவர்கள்தான் போல்ட் தலையை மழுக்கி, நல்ல ஹோஸைக் கிழித்து, விரல் முட்டியையும் பெயர்த்துக்கொள்கிறார்கள்.

படகு எந்த வரிசையில் கட்டப்பட்டது என்று யோசித்தால் வழி தானாகத் தெரியும். முதலில் அடிக்கூட்டை வார்க்கிறார்கள். அதற்குள் நீளவாக்கில் ஸ்டிரிங்கர் என்கிற விட்டங்கள் வருகின்றன. பிறகு பெட்ரோல் டேங்க், ஹோஸ்கள், வயர்கள். கடைசியில் தரை, இருக்கை எல்லாம் சேர்ந்த டெக் ஒரே துண்டாக மேலிருந்து இறங்கி எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. பம்பை மாட்டியவர் திறந்த கூட்டுக்குள் நின்றுகொண்டு ஐந்து நிமிடத்தில் மாட்டியிருப்பார். ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் பார்க்கும்போது, இதற்குப் பிறகு வந்து இதை மறைத்தது எது என்று கேளுங்கள். மறைத்ததை முதலில் கழற்றுவதுதான் பெரும்பாலும் குறுக்குவழி. கஷ்டமான ஒரு போல்டோடு மல்லுக்கட்டுவதைவிட, சுலபமான ஆறு பாகங்களை ஒதுக்கிவைப்பது சீக்கிரம் முடியும்.

வேலையைத் தொடும் முன், விட்டுக்கொடுக்கவே கூடாத சில விஷயங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது கீழே இறங்கி, நீங்கள் தலையை விடப்போகிற அந்த பில்ஜ் குழியிலேயே தேங்கும். ஹட்சை, அதாவது இன்ஜின் பகுதியின் மேல்மூடியைத் திறந்து, முதலில் முகர்ந்து பாருங்கள். வாசனை துளி இருந்தாலும் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தி, இயற்கைக் காற்றில் நன்றாக ஆறவிடுங்கள். வாசனை இல்லாவிட்டாலும், இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன், ஆவியை வெளியே தள்ளும் விசிறியான புளோயரைக் குறைந்தது 4 நிமிடம் ஓட்டுங்கள். வேலை தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள்; முடிந்தபின் அதைக் கடைசியில் மாட்டுங்கள். கரை மின்சாரம் இணைத்திருந்தால் அதையும் பிடுங்குங்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு செய்கிற வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும்.

அடுத்தது பார்ப்பது. கண்ணால் பார்க்காத எதையும் கழற்ற முற்படாதீர்கள். ஃபோனை ஒரு குச்சியில் கட்டி, விளக்கைப் போட்டு, வீடியோ ஓடவிட்டுப் பின்பக்கமாக இறக்குங்கள். ஃபோனில் இணைகிற எண்டோஸ்கோப் கேமரா அதைவிட நல்லது. விரல் பருமன்கூட இல்லாததால் ஸ்டிரிங்கருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் புகுந்துவிடும். போல்ட் எத்தனை, தலை எந்தப் பக்கம், நட்டு எந்தப் பக்கம், துரு எவ்வளவு என்று தாளில் வரைந்துகொள்ளுங்கள். கை உள்ளே போனபின் கண் உள்ளே போகாது. அப்போது மனத்தில் இருக்கிற படம்தான் கண்.

இனி உங்கள் மூன்று பிரச்சினைகள். ஸ்டார்ட்டரை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குள் ஆபத்தான ஒரு சாத்தியம் ஒளிந்திருக்கிறது. ‘டக்’ என்று நின்றுவிடுவதற்கு ஸ்டார்ட்டர் காரணமாகவே இல்லாமல் இருக்கலாம். புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோ, அதன்மேல் இருக்கும் ரைசர் என்கிற வளைகுழாயோ உள்ளுக்குள் அரித்துப்போனால், குளிர்விக்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். தண்ணீரை அழுத்தி ஒடுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்ததும் அப்படியே முட்டி நிற்கும். அந்த நிலையில் திரும்பத் திரும்ப சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளையும். அதனால் முதல் வேலையாக எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, பிளக் முனையில் ஈரமோ துருவோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பெரிய சாக்கெட் போட்டு, இன்ஜின் வழக்கமாகச் சுழலும் திசையிலேயே கிராங்க் என்கிற இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். துளை வழியாகத் தண்ணீர் வந்தால் பிரச்சினை ஸ்டார்ட்டரில் இல்லை, பெரும்பாலும் மேனிஃபோல்டிலோ ரைசரிலோ இருக்கிறது.

தண்ணீர் இல்லை என்று உறுதியானால் மின்சாரப் பாதைக்கு வாருங்கள். மெர்குரூசர் என்கிற நிறுவனத்தின் வகை இன்ஜின்களில் ஸ்டார்ட்டர் மேலேயே ஒரு சொலினாய்டு, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச், இருக்கும். அது போக, இன்ஜினின் மேற்பகுதியில் இன்னொரு சிறிய சொலினாய்டும் இருக்கும். கேட்கிற சத்தம் மேலே இருப்பதுடையதாக இருந்தால், கீழே குனியும் முன் அதை முதலில் பாருங்கள். வாசனை இல்லை என்று உறுதிசெய்து, இந்தச் சோதனைக்கு மட்டும் பேட்டரி வயரைத் திரும்ப மாட்டி, மல்டிமீட்டரை எடுத்து, ஒருவர் சாவியைத் திருப்பும்போது பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய போல்டுக்கும் இடையே அளவெடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ இணைப்பு அரித்திருக்கிறது. பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையிலும் அதேபோல் பாருங்கள். ஸ்டார்ட்டர் போய்விட்டது என்று கழற்றப்பட்டவற்றில் பல நல்ல நிலையில் இருந்ததையும், குற்றவாளி பச்சை படிந்த ஒரு எர்த் கேபிள் என்பதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உண்மையிலேயே ஸ்டார்ட்டர்தான் என்றால், அது ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) வகை வி8 இன்ஜினாக இருந்தால், வலது பக்கம் அடியில், கீழிருந்து மேல்நோக்கிப் போகிற இரண்டு நீள போல்ட்களில் தொங்கிக்கொண்டிருக்கும். இதில் உள்பக்க போல்ட்தான் தொல்லை. ஒருமுறை அந்த ஒற்றை போல்டுக்காக ஒன்றரை நாள் படுத்துக் கிடந்தேன். கடைசியில் மேலே மறைத்துக்கொண்டிருந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றினேன். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அதன்பிறகு போல்ட் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. புது கேஸ்கெட் போட வேண்டி வந்தது, ஆனால் மேனிஃபோல்டின் உட்புறத்தைச் சுரண்டிப் பார்க்கிற வாய்ப்பும் கிடைத்தது. உப்புத் தண்ணீரில் ஓடிய படகுக்கு அந்தச் சோதனை மட்டுமே அந்த உழைப்புக்கு ஈடு.

மாற்றுகிற ஸ்டார்ட்டர் படகுக்கானதாகவே இருக்க வேண்டும். காருக்கானது உருவத்தில் ஒத்துப்போகும், போல்ட்டும் பொருந்தும். ஆனால் படகு ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் போன்றவற்றில் உள்ளே எழும் தீப்பொறி வெளியிலிருக்கும் ஆவியைப் பற்றவைக்காதபடி அடைப்பு இருக்கும். கார் பாகத்தில் அது கிடையாது. இந்த ஒரு இடத்தில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

பம்புக்கு வருவோம். பம்ப் ஓடவில்லை என்றால் மோட்டார் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பில்ஜின் அடியில் ஈரத்திலேயே கிடக்கிற வயர் இணைப்புதான் முதலில் போகும். மேலே எட்டுகிற இடத்தில் வயரைப் பிடித்து, பேட்டரியிலிருந்து நேரடியாக ஃபியூஸ் வைத்த வயரால் மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். ஓடினால் கோளாறு சுவிட்ச் பக்கம் அல்லது ஃபியூஸ் பக்கம். ஓடாவிட்டால்தான் கீழே போக வேண்டும்.

பம்ப் இன்ஜினின் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் ஒளிந்திருந்தால், இன்ஜினைத் தொடாமலே எடுக்க ஒரு வழி உண்டு. இப்போது வரும் பல பம்புகளில் அடித்தளம் தனி, மோட்டார் தனி. பக்கவாட்டுக் கொக்கிகளை அமுக்கினால் மோட்டார் மட்டும் கையோடு வந்துவிடும், அடித்தளம் அங்கேயே நிற்கும். அதே நிறுவனத்தின் அதே மாதிரி கிடைத்தால் மேல்பாதியை மட்டும் மாற்றிவிடலாம். கிடைக்காவிட்டால் பழைய இடத்தை மறந்துவிடுங்கள். நீளமான ஒரு பிளாஸ்டிக் பலகையின் ஒரு முனையில் புது பம்பையும், தண்ணீர் ஏறினால் தானாக பம்பை ஓடவைக்கும் ஃப்ளோட் சுவிட்சையும் திருகி, பலகையை ஸ்டிரிங்கர்களுக்கு நடுவே தள்ளி, எட்டுகிற முனையை மட்டும் ஸ்டிரிங்கரின் பக்கத்தில் பொருத்துங்கள். அடிக்கூட்டில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை. அடுத்தமுறை ஒரு திருகைக் கழற்றி இழுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

பம்பின் அளவைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். நீர்மட்டத்துக்கு 1 அடி கீழே 1 அங்குல விட்டத்தில் திறந்த துளை இருந்தால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 லிட்டர் உள்ளே வரக்கூடும். பெட்டியில் மணிக்கு 1100 கேலன் என்று போட்டிருக்கும் பம்பும் நிமிடத்துக்கு ஏறக்குறைய அதே 70 லிட்டர்தான் வெளியேற்றும். அதுவும் தண்ணீரை மேலே ஏற்றாமல், முழு வோல்டேஜில். ஹோஸ் மேலேறி வளைந்து போகிற உண்மையான படகில் அதைவிடக் குறைவுதான். உட்புறம் மடிப்பு மடிப்பாக இருக்கிற ஹோஸ் இன்னும் குறைக்கும், வழுவழுப்பான உட்புறம் உள்ள ஹோஸைப் போடுங்கள். வயர் இணைப்பை உயரமான இடத்துக்குக் கொண்டுவந்து, தகரப்பூச்சு உள்ள வயரில், உள்ளே பசை உருகும், சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். பெட்ரோல் வாசனை துளியும் இல்லாத, ஹட்ச் திறந்திருக்கிற இடத்தில் மட்டும் அதைச் சூடாக்குங்கள். முடிந்தால் வெளியே வைத்தே செய்துவிட்டு உள்ளே இறக்குங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தண்ணீரில் மிதக்கும்போது கண்டுபிடிப்பது கடினம். படகை டிரெய்லரில் ஏற்றி, பில்ஜைத் துடைத்து உலர்த்துங்கள். பிறகு உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கே கசிகிறது என்று பாருங்கள். ஸ்டார்ட்டர் நனையாத உயரத்துக்கு மட்டும் ஊற்றுங்கள், தண்ணீரின் எடையை டிரெய்லரும் அடிக்கூடும் தாங்க வேண்டும். இதில் தெரியாவிட்டால், சந்தேகமுள்ள ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே டிஷ்யூ காகிதத் துண்டுகளை ஒட்டி, மிதக்கவிட்டு, எது முதலில் நனைகிறது என்று பாருங்கள். ஸ்டெர்ன் டிரைவ் படகில் என் முதல் சந்தேகம் எப்போதும் பெல்லோஸ் மேல்தான். டிரைவையும் படகின் பின்சுவரையும் இணைக்கும், துருத்திபோல மடிந்த ரப்பர் உறை அது. டிரைவை முழுக்க மேலே தூக்கி, மடிப்புகளை விரித்து வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். டிரைவ் தண்டு வளைந்து திரும்ப உதவும் யூனிவர்சல் ஜாயின்ட்டை மூடும் பெல்லோஸ் கிழிந்திருந்தால், உள்ளே அந்தத் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கும் தண்ணீரில் ஊறியிருக்கும். டிரைவைத் திருப்பும்போது கரகரவென்ற சத்தம் கேட்கும்.

இன்ஜினைத் தூக்குவதா என்ற கேள்விக்கு இங்கே விடை வருகிறது. எல்லோரும் அதைக் கடைசி வழி என்கிறார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பெல்லோஸுக்காக எப்படியும் டிரைவைக் கழற்றப் போகிறீர்கள். டிரைவ் வெளியே வந்துவிட்டால், இன்ஜினைப் பிடித்திருப்பவை மவுன்ட் என்கிற தாங்கிகளின் போல்ட்கள், எக்ஸாஸ்ட் ஹோஸ்கள், தண்ணீர் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், த்ராட்டில் மற்றும் கியர் கேபிள்கள், பேட்டரி கேபிள்கள், பெரிய வயரிங் பிளக் ஆகியவைதான். ஒவ்வொன்றிலும் அடையாளச் சீட்டு ஒட்டிக் கழற்றி, பாரம் தூக்கும் கருவி இருந்தால், பொறுமையான இருவருக்கு ஒரு நாள் வேலை. கீழே ஒரே ஒரு பழுது என்றால் தூக்க வேண்டாம். ஸ்டார்ட்டர், பம்ப், பின்சுவரின் உட்புறக் கசிவு என்று மூன்று சேர்ந்துவிட்டால் தூக்கிவிடுங்கள். அப்போது இன்ஜின் மவுன்ட்டுகளுக்குக் கீழே இருக்கிற மரம் ஊறியிருக்கிறதா என்பதையும் தட்டிப் பார்த்துவிடலாம், இன்ஜின் இருக்கும்போது அதைச் சரியாகப் பார்ப்பது கடினம். திரும்ப இறக்கியபின், இன்ஜினும் டிரைவும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்கும் அலைன்மென்ட் கம்பியை கிம்பல் பேரிங் வழியாக விட்டு, அது டிரைவ் தண்டை இன்ஜினோடு இணைக்கும் கப்ளருக்குள் தடையில்லாமல் வழுக்கிப் போகும்வரை முன் மவுன்ட்டுகளைச் சரிசெய்ய வேண்டும். இதை விட்டால் கப்ளர் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

தரையை வெட்டுவது பற்றி. இன்ஜின் பகுதிக்கு வெட்டுவதில் பயனில்லை, அங்கே ஏற்கெனவே ஹட்ச் இருக்கிறது. டேங்கின் மேல் இருக்கும் அளவுமானி, ஹோஸ் இணைப்பு, தரைக்கடியில் ஓடும் ஹோஸ் ஆகியவற்றுக்குத்தான் வெட்ட வேண்டி வரும். 4, 6, 8 அங்குல விட்டங்களில் வட்டமான இன்ஸ்பெக்ஷன் மூடிகள் கிடைக்கின்றன. கை மட்டும் போக 6 அங்குலம் போதும். கையும் ஸ்பானரும் போய்த் திரும்ப 8 வேண்டும். வெட்டும் முன் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு, அதில் வளைத்த கம்பியை விட்டுச் சுற்றுங்கள். எங்கே ஸ்டிரிங்கர் முட்டுகிறது, எங்கே டேங்க் இருக்கிறது என்று கம்பி சொல்லும். டிரில் தேவைக்கு மேல் இறங்காமலிருக்க அதன் முனையில் ஒரு தடுப்பு வளையம் மாட்டுங்கள். ஆட்டும் வகை மல்டி டூலால் வெட்டினால் ஆழம் கட்டுப்பாட்டில் இருக்கும். சதுரமாக வெட்டுவதானால் மூலைகளை வளைவாக விடுங்கள், கூர்மூலையிலிருந்து விரிசல் கிளம்பும். ஸ்டிரிங்கரை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள்.

டேங்குக்கு மேல் வெட்டுவது என்றால் டிரில்லும் மல்டி டூலும் தீப்பொறி எழுப்பக்கூடியவை என்பதை மறக்காதீர்கள். டேங்கைக் காலிசெய்தாலும் உள்ளே ஆவி நிற்கும், காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. ஆவியை முழுக்க வெளியேற்றி ஹோஸ் வாய்களை அடைக்கத் தெரிந்தவர் உடன் இல்லாமல் இந்த ஒரு வேலையைச் செய்ய வேண்டாம்.

வெட்டிய விளிம்பை அப்படியே விடாதீர்கள். தரை பெரும்பாலும் இரண்டு ஃபைபர் கிளாஸ் தகடுகளுக்கு நடுவே மரமோ நுரையோ வைத்ததாக இருக்கும். நடுவில் இருப்பதை விளிம்பிலிருந்து 1 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, கெட்டியாக்கிய எப்பாக்ஸி பிசினால் நிரப்புங்கள். மூடியின் திருகுகள் அந்த எப்பாக்ஸியில் இறங்க வேண்டும், மரத்தில் அல்ல. இல்லாவிட்டால் நீங்கள் செய்த வழியே தண்ணீருக்கு வழியாகி, இரண்டு மூன்று பருவங்களில் தரை மிதிபட்டு அமுங்கும்.

இடுக்கில் வேலைசெய்கிற முறை பற்றிச் சில. ஹட்சின் குறுக்கே ஒரு பலகை போட்டு, மேலே பழைய மெத்தைத் துண்டு விரித்து நெஞ்சைத் தாங்கவைத்துக்கொள்ளுங்கள். விலா எலும்பு வலித்தால் கை அவசரப்படும். சாக்கெட்டுக்குள் கொஞ்சம் கிரீஸ் தடவினால் நட்டு விழாமல் ஒட்டி நிற்கும். வேலைக்குக் கீழே துணி விரித்துவிடுங்கள். விழுந்ததைக் காந்தக் குச்சியால் எடுத்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். படகில் போடும் நல்ல 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காந்தம் இழுக்காது, பித்தளையையும் இழுக்காது. வளையும் தண்டில் நகம்போல் விரிகிற எடுப்பான் வாங்கி வையுங்கள். ஸ்பானர் நீளமாக இருந்தால் மலிவான ஒன்றை வாங்கி வெட்டிக் குட்டையாக்குங்கள். யூனிவர்சல் ஜாயின்ட் மாட்டிய நீள எக்ஸ்டென்ஷன், எடுப்பான், எண்டோஸ்கோப் கேமரா, இந்த மூன்றும் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இறுகிப்போன போல்டுக்கு ஊடுருவும் எண்ணெய் அடித்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் முதலில் இறுக்கும் திசையில் நூலளவு அசைத்துவிட்டுப் பிறகு தளர்த்துங்கள். அலுமினியத்தில் இறங்கிய ஸ்டெயின்லெஸ் போல்ட்தான் மிக மோசம். இரண்டு உலோகங்களும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து வெள்ளைப் பொடியாக இறுகிவிடும். சூடுதான் அதற்கு மருந்து, ஆனால் பில்ஜுக்குள் தீச்சுடரைக் கொண்டுபோகக் கூடாது. ஒட்டிக்கொண்ட ஹோஸை முறுக்கிப் பிடுங்காதீர்கள். மாற்றப்போகிற ஹோஸ்தானே, நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்துவிடுங்கள், அடியிலிருக்கும் குழாய் முனையைக் கீறாமல். வைத்துக்கொள்ள வேண்டிய ஹோஸ் என்றால் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினால் இளகும்.

திரும்ப மாட்டும்போதுதான் நீங்கள் அடுத்த பழுதின் கஷ்டத்தைத் தீர்மானிக்கிறீர்கள். போல்டில் உலோகங்கள் ஒட்டாமலிருக்கும் பசையைத் தடவுங்கள். கழற்ற வேண்டியிருக்கும் எதையும் 3எம் 5200 போன்ற நிரந்தரப் பாலியூரிதேன் பசையால் ஒட்டாதீர்கள், பிறகு பெயர்க்கும்போது ஃபைபர் கிளாஸும் சேர்ந்து வரும். நீர்மட்டத்துக்குக் கீழ் இருக்கும் ஹோஸ்களுக்கு, குழாய் முனை நீளம் இடம்கொடுத்தால் இரண்டு கிளாம்ப் போட்டு, திருகுத் தலை இரண்டும் கை எட்டும் பக்கம் பார்க்கும்படி திருப்பிவையுங்கள். இன்ஜின் வெளியே இருக்கும்போதே எண்ணெய் வடிக்கும் ஹோஸ் ஒன்றைத் தொட்டியின் அடியிலிருந்து மேலே கொண்டுவாருங்கள். எண்ணெய் ஃபில்டரையும் எட்டுகிற இடத்துக்கு நகர்த்தலாம்.

உங்கள் படகுக்கு நான் செய்கிற வரிசை இதுதான். முதல் நாள் ஸ்பார்க் பிளக், வோல்டேஜ் சோதனை, பம்புக்கு நேரடி மின்சாரம், டிரெய்லரில் கசிவுச் சோதனை. ஒரு போல்டும் கழற்றாமல் இவ்வளவும் ஒரே நாளில் முடியும். பெல்லோஸ் நன்றாக இருந்து, ஸ்டார்ட்டர் கோளாறு கேபிளோடு முடிந்தால், பம்பைப் பலகையில் மாட்டிவிட்டு படகை இறக்கலாம். பெல்லோஸ் வெடித்திருந்தால் டிரைவைக் கழற்றுங்கள், கிம்பல் பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், பிறகு பின்சுவரின் உட்புறத்தில் கேமராவை விடுங்கள். அங்கே போல்ட்களைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் தண்ணீர் வடிந்த தடம் தெரிந்தால், இன்ஜினைத் தூக்க ஆளைச் சேருங்கள்.